போனுக்கு வரும் அரச எச்சரிக்கை: எப்படி வேலை செய்கிறது, மக்கள் ஏன் குறை சொல்கிறார்கள்

யாழ்ப்பாணத்தில் பலருக்கு இந்த எச்சரிக்கை ஒலி முதலில் அறிமுகமானது வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் சொல்லக் கேட்டுத்தான். 2023 ஏப்ரல் 23, ஞாயிறு பிற்பகல் மூன்று மணியளவில் பிரித்தானியா முழுவதும் போன்கள் ஒன்றாக அலறின. அது ஒத்திகை. 2020 ஜனவரி 12 காலையில் கனடாவின் ஒன்ராறியோவில், பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று செய்தி வந்தது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எங்கள் சனம் நிறைந்த இடங்களெல்லாம் அந்த நிலையத்துக்குப் பக்கம்தான். பிறகு அந்தச் செய்தி தவறுதலாகப் போனது என்றார்கள். 2023இல் இந்தியாவும் மாநிலம் மாநிலமாக ஒத்திகை நடத்தியது. முன்னறிவிப்பைக் கவனிக்காதவர்கள் போனில் ஏதோ வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்தார்கள்.

இப்படிக் கேட்ட கதைகளை வைத்து இங்கே இரண்டு அபிப்பிராயம் ஓடுகிறது. "எங்களுக்கும் இது கட்டாயம் வேண்டும், சுனாமிக்கு இருந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்" என்பது ஒன்று. "அரசாங்கம் என் போனுக்குள் வருவது எனக்குச் சரிவராது" என்பது மற்றது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. எந்தக் குறை நியாயமானது, எது விளங்காமையால் வந்தது என்று பிரித்துப் பார்க்க, அந்தச் செய்தி போனுக்கு வந்து சேரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வழிகள்

முதலாவது, எல்லோருக்கும் பழக்கமான குறுஞ்செய்தி. இது ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் போகிறது. ஐந்து இலட்சம் பேருக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஐந்து இலட்சம் செய்திகள் வரிசையில் நிற்கும். சாதாரண நாளிலேயே நேரம் பிடிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பு எடுக்கும் ஆபத்து நேரத்தில் அந்த வரிசை இன்னும் இறுகும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, இலங்கைக் கரையோரம் எங்கும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, உறவுகளைத் தேடி எல்லோரும் போனைக் கையில் எடுத்ததில் இணைப்புகள் நெரிபட்டன. அன்று பெரிய அலை வரவில்லை. வலையமைப்பு எப்படித் திணறும் என்பது மட்டும் தெரிந்தது.

இரண்டாவது, செயலி. அனர்த்த எச்சரிக்கைக்கென்று ஒரு செயலியை இறக்கி வைத்திருப்பவருக்கு இணையம் வழியாகச் செய்தி வரும். டேட்டா முடிந்திருந்தாலோ, செயலியைப் போன் பின்னணியில் தூங்க வைத்திருந்தாலோ வராது.

மூன்றாவதுதான் வெளிநாடுகளில் அலறுவது: செல் புரோட்காஸ்ட். இதில் கோபுரத்திலிருந்து செய்தி ஒலிபரப்பாகிறது. அந்தக் கோபுரத்தின் வீச்சுக்குள் இருக்கும் போன்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டுக்கொள்கின்றன. வீடு வீடாகக் கடிதம் கொடுப்பதற்கும் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு தரம் அறிவிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் கோபுரத்துக்கு வேலை ஒன்றே. அதனால் அழைப்புகளால் வலையமைப்பு நெரிபடும்போதும் இது போய்ச் சேரும். சில விநாடிகளில் சேரும்.

அனுப்பும் செய்திக்கு ஒரு தொடர் இலக்கம் உண்டு. கோபுரம் அதையே குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அந்த இலக்கத்தை ஏற்கெனவே பெற்ற போன் மறுபடி அலறாது. புதிதாக அந்த இடத்துக்கு வரும் போனும், அணைத்து வைத்துவிட்டு இப்போது போட்ட போனும் பெற்றுக்கொள்ளும். சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குபவருக்கு, பத்து நிமிடத்துக்கு முன் தொடங்கிய எச்சரிக்கை இறங்கிய இடத்தில் வருவது இப்படித்தான்.

இலங்கைக்கு இது முற்றிலும் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அனர்த்த முகாமைத்துவத்துக்கு ஒரு கட்டமைப்பு வந்தது. 2009இல் டயலொக் நிறுவனம், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போன்றவற்றுடன் சேர்ந்து குறுஞ்செய்தியையும் செல் புரோட்காஸ்டையும் பயன்படுத்தும் ஓர் எச்சரிக்கை வலையமைப்பைத் தொடங்கியது. தொழில்நுட்பம் கைக்கு வந்து எத்தனையோ வருடங்கள். அதை ஒழுங்காக, மக்களுக்கு விளங்கும் விதத்தில் பயன்படுத்துவதில்தான் எங்கும் சிக்கல்.

"என்னை வேவு பார்க்கிறார்களா?"

அதிகம் கேட்கப்படும் குறை இது. போர்க்காலத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டதையும் பதிவு, சோதனை என்று நின்றதையும் கண்ட இடத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேட்பவரை யாரும் எள்ளக் கூடாது.

செல் புரோட்காஸ்டைப் பொறுத்தவரை பதில் தெளிவானது. அனுப்புபவருக்கு உங்கள் இலக்கம் தேவையில்லை. யாருக்குச் செய்தி போனது என்ற பட்டியல் உருவாவதில்லை. போன் கேட்கிறதே தவிர, "பெற்றுக்கொண்டேன்" என்று தனித்தனியாகப் பதில் அனுப்புவதில்லை. "அப்படியென்றால் நான் இந்த ஊரில் நிற்பது எப்படித் தெரிந்தது?" என்று கேட்பார்கள். நீங்கள் நிற்பது தெரியவில்லை, அந்த ஊர்க் கோபுரம் பேசியது, அவ்வளவுதான்.

சந்தேகத்தை வைக்க வேண்டிய இடம் வேறு. இடம் பார்த்து அனுப்பும் குறுஞ்செய்திக்கு, எந்த இலக்கம் எந்தக் கோபுரத்தடியில் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் பார்த்தாக வேண்டும். செயலி என்றால் அது என்ன அனுமதி கேட்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். இடத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் கேட்டால் அனர்த்த எச்சரிக்கைக்கு அதில் வேலையே இல்லை, மறுத்துவிடலாம்.

இன்னொரு தரப்பின் பயம் உண்மையிலேயே பாரதூரமானது. வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் சிலர் ஒரு போனை ஒளித்து வைத்திருப்பார்கள். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் எச்சரிக்கை அலறும், ஒளித்த இடம் காட்டிக்கொடுக்கப்படும். பிரித்தானிய ஒத்திகைக்கு முன்னர் அங்குள்ள பெண்கள் அமைப்புகள் இதைச் சொல்லித்தான் எச்சரித்தன. அங்கே போனின் அமைப்புகளில் (செட்டிங்ஸில்) அந்த எச்சரிக்கையை நிறுத்தி வைக்கலாம், அல்லது போனை முற்றாக அணைத்து வைக்கலாம். ஒத்திகை நடத்துபவர்கள் நாளையும் நேரத்தையும் பல நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். சைரன் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும் மனிதர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது காரணம்.

அலறல் பிடிக்கவில்லை என்பவர்கள்

சத்தம் வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் 853, 960 ஹேர்ட்ஸ் அளவிலான இரண்டு ஒலிகளைச் சேர்த்து ஒலிக்க விடுகிறார்கள். காதுக்கு ஒத்துவராத சேர்க்கை. தூங்குபவரை எழுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி.

எரிச்சல் சத்தத்தால் மட்டும் வருவதில்லை, சம்பந்தமில்லாத செய்திக்கு எழுப்பப்படுவதால் வருகிறது. 2019 பெப்ரவரியில் ஒன்ராறியோவில் காணாமல் போன குழந்தையைத் தேடி இரவு நேரத்தில் எச்சரிக்கை விட்டபோது, தூக்கம் கெட்டது என்று சிலர் பொலிஸின் அவசர இலக்கத்துக்கே அழைத்து முறையிட்டார்கள். கனடாவில் இதை நிறுத்தி வைக்க வழியில்லை என்பதால் கோபம் கூடியது. தென் கொரியாவில் கொரோனாக் காலத்தில் உள்ளூராட்சிகள் ஓயாமல் அனுப்பிய செய்திகளால் பலர் எச்சரிக்கையையே அணைத்து வைத்தார்கள். இதுதான் பெரிய நட்டம். ஒருவர் அணைத்துவிட்டால், உண்மையான ஆபத்தன்று அவருக்குச் செய்தி வராது.

பிழையான செய்தியின் நட்டமும் குறைவில்லை. 2018 ஜனவரி 13 காலை ஹவாயில் ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்று செய்தி போனது. அது பிழை என்று போனுக்குத் திருத்தம் வர 38 நிமிடங்கள் ஆயின. பயிற்சியை உண்மையென்று ஓர் ஊழியர் நினைத்துவிட்டார். அது மனிதப் பிழை. திருத்தச் செய்தி ஒன்று ஆயத்தமாக இல்லாததுதான் நிர்வாகப் பிழை. 2025 ஜனவரி 9 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் காட்டுத்தீ மூண்ட ஒரு பகுதிக்கு மட்டும் போக வேண்டிய வெளியேற்ற எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும், ஏறத்தாழ ஒரு கோடி மக்களுக்குப் போனது.

ஆனாலும் மக்கள் மிகக் கடுமையாகக் கோபப்பட்டது இவற்றுக்கெல்லாம் அல்ல, வராமல் போன, பிந்தி வந்த செய்திகளுக்குத்தான். 2021 ஜூலையில் ஜேர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் பலரை இரவோடு இரவாகக் கொண்டுபோனபோது அங்கே செல் புரோட்காஸ்ட் இருக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான், 2023 பெப்ரவரியில், கொண்டுவந்தார்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் முறை இருந்தது. 2024 ஒக்டோபர் 29 அன்று எச்சரிக்கை போனது இரவு 8 மணி கடந்து. அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் வந்துவிட்டது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மக்கள் வீதியில் இறங்கினார்கள். போன் நன்றாகத்தான் வேலை செய்தது, பொத்தானை அழுத்த முடிவெடுக்க வேண்டியவர்கள்தான் நேரத்துக்கு முடிவெடுக்கவில்லை. எச்சரிக்கை பற்றிப் பேசும்போது நாங்கள் தொழில்நுட்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். யார், எந்த அளவு தண்ணீருக்கு, எத்தனை நிமிடத்துக்குள் முடிவெடுப்பார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

தமிழில் ஒரு எச்சரிக்கை எவ்வளவு நீளம்?

எங்களுக்கு மிக முக்கியமான இடம் இது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்துகள். தமிழ் என்றால் 70 இடங்கள். அதிலும் ஒரு தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் எடுக்கும். "வெள்ளம்" என்பது எங்கள் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு: வ, அதன் கொம்பு, ள, அதன் புள்ளி, ள, ம, அதன் புள்ளி. ஆகவே ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியில் உண்மையில் நாற்பது எழுத்துச் சொச்சம்தான் கொள்ளும். நீண்டால் துண்டு துண்டாகப் போகும். சேர்த்துக் காட்டும் வேலைக்கு மூன்று இடம் போய், துண்டுக்கு 67. நெரிசல் நேரத்தில் ஒரு துண்டு பிந்தினால் செய்தி அரைகுறையாகும். செல் புரோட்காஸ்டில் ஒரு பக்கத்துக்குத் தமிழில் சுமார் 40 இடங்கள், 15 பக்கங்கள் வரை சேர்க்கலாம், மொத்தம் ஏறத்தாழ 600. ஒரு நல்ல எச்சரிக்கைக்கு இது தாராளம்.

நல்ல எச்சரிக்கையில் ஐந்து விடயம் இருக்க வேண்டும் என்று இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்: யார் சொல்கிறார், என்ன ஆபத்து, எங்கே, எப்போது, நான் என்ன செய்ய வேண்டும். "வடக்கில் கனமழை பெய்யும், பொதுமக்கள் அவதானமாக இருக்கவும்" என்ற செய்தியில் முதலாவதும் கடைசி இரண்டும் இல்லை. இடம் ஒரு மாகாணம் முழுவதும். அவதானமாக இருப்பது என்றால் பொம்மைவெளியில் இருப்பவர் என்ன செய்வது? ஒரு மாதிரிச் செய்தி இப்படி அமையலாம்:

"அனர்த்த முகாமைத்துவ நிலையம்: இன்று இரவு 9 மணிக்குப் பின் நாவாந்துறை, காக்கைதீவு, பொம்மைவெளி தாழ்நிலங்களில் வெள்ளம் வரலாம். இருட்டும் முன் மேட்டு நிலத்துக்கோ உங்கள் கிராம அலுவலர் அறிவித்த பாடசாலைக்கோ செல்லுங்கள். மருந்து, அடையாள அட்டை எடுங்கள். உதவிக்கு 117."

ஊர்ப்பெயர், மணி, போகவேண்டிய இடம், எடுத்துச் செல்ல வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. செல் புரோட்காஸ்டின் 600க்குள் தாராளமாக அடங்கும். குறுஞ்செய்தியில் நான்கு துண்டாகப் போகும். "இருட்டும் முன்" என்ற இரண்டு சொல் அதில் மிக முக்கியம். இரவில் தண்ணீருக்குள் இறங்குவதால்தான் பல உயிர்கள் போகின்றன.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலால் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. நியாயமான குறை. மொழிபெயர்ப்பாளரைத் தேடும் வேலையை மழை தொடங்கிய பிறகு செய்ய முடியாது. வெள்ளம், புயல், சுனாமி என்று ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயரும் மணியும் மட்டும் நிரப்பும் வார்ப்புகளைத் தமிழில் முன்பே எழுதி, தமிழ் தெரிந்த இருவர் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். பிரித்தானிய ஒத்திகையில் வெல்ஷ் மொழிச் செய்தியிலேயே "பாதுகாப்பு" என்ற இடத்தில் ஒரு எழுத்துப்பிழை போய் நாடே பேசியது. சிறு மொழிகளுக்கு இது எங்கும் நடக்கிறது.

எது பிழையாகும், ஏன்

கோபுரம் எல்லை பார்த்துப் பேசாது. தண்ணீருக்கு மேலால் சமிக்ஞை தூரம் போகும். குருநகர்ப் பக்கத்துக்கான செய்தி கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரியிலும் அலறலாம். புதிய போன்களில், எச்சரிக்கையோடு வரும் எல்லைக்கோட்டைப் போனே தன் இடத்துடன் ஒப்பிட்டு, வெளியில் இருந்தால் பேசாமல் இருக்கும் வசதி அமெரிக்காவில் 2019இல் வந்தது. அந்த ஒப்பீடு போனுக்குள்ளேயே நடக்கிறது, உங்கள் இடம் வெளியே போவதில்லை.

நெடுந்தீவு போன்ற தீவுகளிலும் கடலிலும் போன் இந்தியக் கோபுரத்தைப் பிடித்து நிற்பதுண்டு. அப்போது அந்தக் கோபுரம் ஒலிபரப்புவதுதான் கேட்கும், இலங்கைக் கோபுரத்தின் செய்தி கேட்காது. இந்திய எச்சரிக்கை வந்தால் பதறாமல் அனுப்பியது யார் என்று பாருங்கள்.

ஃபிளைட் மோடில் செய்தி வராது. வைஃபை மட்டும் இருந்து சிம் சமிக்ஞை இல்லாவிட்டாலும் வராது. பழைய பட்டன் போனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தப் போன்களில் செய்தி அமைப்புக்குள் "செல் புரோட்காஸ்ட்" அல்லது "இன்ஃபோ சேர்விஸ்" என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் அணைத்திருக்கும். அப்பு, ஆச்சி கையில் இருப்பது அந்தப் போன்தான், போட்டுக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை மின்சாரம். புயலில் மின்கம்பி அறுந்தால் கோபுரம் பற்றரியிலும் ஜெனரேற்றரிலும் ஓடும். டீசல் கொண்டுபோக வழியில்லாவிட்டால் அதுவும் நிற்கும். ஆகவே போன் எச்சரிக்கையை ஆபத்து வருவதற்கு முன்னரான மணித்தியாலங்களுக்கான கருவியாகத்தான் நினைக்க வேண்டும். யாழ் மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவும் கோயில், தேவாலய ஒலிபெருக்கியும் இன்னும் தேவை. போன் வந்துவிட்டது என்று அவற்றைக் கைவிட்டால் முன்பைவிட மோசமாகும்.

உங்கள் போனில் பார்க்க வேண்டியது

அன்ட்ரொய்டில்: அமைப்புகளுக்குள் பாதுகாப்பும் அவசரநிலையும் என்ற பகுதி, அதற்குள் வயர்லெஸ் அவசர எச்சரிக்கைகள். இடம் போனுக்குப் போன் மாறும். அமைப்புகளின் தேடல் பெட்டியில் "எமர்ஜென்சி அலேர்ட்" என்று தேடுவது சுகம். ஐபோனில்: அமைப்புகள், அறிவிப்புகள், அதன் அடிப்பக்கம். சிம் எந்த நாட்டினுடையது என்பதைப் பொறுத்து அங்கே அந்தப் பகுதி தெரியாமலும் இருக்கலாம். அதிதீவிர ஆபத்துக்கான எச்சரிக்கையை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஒத்திகைச் செய்தி தொந்தரவாக இருந்தால் அதை மட்டும் அணைக்கலாம்.

செய்தி வந்தால் முழுவதையும் வாசியுங்கள். மோட்டார் சைக்கிளில் என்றால் ஓரங்கட்டிவிட்டு வாசியுங்கள். உண்மையா என்று இன்னொரு இடத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது மனித இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் வைபரில் வந்த படத்தை வைத்து உறுதிப்படுத்தாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, வானொலி, கிராம அலுவலர், இந்த மூன்றில் ஒன்று போதும். சுனாமி எச்சரிக்கை என்றால் அதற்கும் காத்திராமல் முதலில் கரையை விட்டு விலகி, நடந்துகொண்டே விசாரியுங்கள். 2004இல் நிலம் நடுங்கியதற்கும் அலை கிழக்குக் கரையைத் தொட்டதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. எங்கள் கரையில் அந்த நேரம் எச்சரிக்கைக்குப் போதும், விவாதத்துக்குப் போதாது.

எந்த அரச எச்சரிக்கையும் வங்கி இலக்கம், ஓடிபி, அடையாள அட்டை இலக்கம் எதையும் கேட்காது. கேட்டால் அது மோசடி.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கரைக் கோபுரத்தின் சமிக்ஞை கடலில் சில பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் கிடைக்காது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மீனவர் அறிவிப்பைப் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். பருத்தித்துறையிலிருந்தோ மயிலிட்டியிலிருந்தோ வெளிக்கிடும் படகில் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தால் போதாது. கரையோடும் மற்றப் படகுகளோடும் பேசும் விஎச்எஃப் வானொலியும், அதற்கு முழுச் சார்ஜுள்ள பற்றரியும் வேண்டும். கரையில் இருக்கும் ஒருவர் மீனவர் சங்கத்தின் வானொலியடியில் நிற்க வேண்டும்.